பாலைவனத்துக்குப் போன ஆய்வாளர்கள்: யார் யாருக்குப் பாடம் சொன்னார்கள்?

ஆஸ்திரேலியப் பூர்வகுடி மக்களைப் பற்றிப் பேச்சு எழும்போது இரண்டு வகைப் பதில்களைத்தான் அதிகம் கேட்கிறேன். "கற்கால மனிதர்கள் மாதிரி வாழ்ந்தவர்களை வெள்ளைக்கார ஆய்வாளர்கள் பாலைவனத்தில் கண்டுபிடித்தார்கள்" என்பது ஒன்று. "அந்த ஆய்வாளர்கள் எல்லோரும் கொள்ளைக்காரர்கள், அவர்கள் எழுதியதில் ஒரு வரியைக்கூட நம்ப முடியாது" என்பது இன்னொன்று. நம் ஆட்கள் மத்தியில் மூன்றாவதாக ஒன்றும் சுற்றுகிறது: "அவர்கள் தமிழர்கள்தான், லெமூரியா மூழ்கியபோது பிரிந்து போனவர்கள்."

மூன்றுமே ஒரே இடத்தில் தடுக்கி விழுகின்றன. அந்தப் பயணங்களில் உண்மையில் என்ன நடந்தது, யார் யாரிடம் கேட்டார்கள், கேட்டது எப்படிப் புத்தகமானது என்று யாரும் பார்ப்பதில்லை. அதைத்தான் இங்கே அடியிலிருந்து எளிமையாகச் சொல்லப் போகிறேன். முன்னறிவு எதுவும் தேவையில்லை.

கல்யாண வீட்டுக்கு வந்த வெளியாள்

நம் ஊர்க் கல்யாண வீடு ஒன்றுக்கு, தமிழே தெரியாத ஒருவர் மூன்று நாள் தங்க வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கையில் ஒரு நோட்டு. மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் நிற்பவரைக் காட்டி "இவர் யார்?" என்கிறார். "சித்தப்பா." பந்தியில் பரிமாறுபவர்? "அவரும் சித்தப்பாதான்." வாசலில் வரவேற்கிறவர்? "அவரும் ஒரு முறையில் சித்தப்பா." அந்த மனிதர் குழம்பிப்போய், "இவர்களுக்கு அப்பாவின் சொந்தத் தம்பி யார் என்றே தெரியவில்லை" என்று எழுதிக்கொள்கிறார்.

அவர் பொய் எழுதவில்லை. கேட்டதைத்தான் எழுதினார். ஆனால் "சித்தப்பா" என்பது ஒரு ஆளின் அடையாளம் அல்ல, ஓர் இடம் என்பது அவருக்குப் பிடிபடவில்லை. அந்த இடத்தில் எத்தனை பேர் வேண்டுமானாலும் நிற்கலாம்.

இன்னும் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். அவரை வீட்டுக்குள் கூட்டி வந்தவர் பெண் வீட்டாரா, மாப்பிள்ளை வீட்டாரா என்பதைப் பொறுத்து அவர் கேட்கும் கதை மாறும். அவருக்கு மொழிபெயர்த்துச் சொல்ல ஒரே ஒரு கல்லூரிப் பையன்தான் இருந்தால், அவனுக்குத் தெரிந்த அளவுதான் அவருக்கும் தெரியும். உள்ளறையில் நடக்கும் சீர்வரிசைப் பேச்சு அவர் காதுக்கு வராது, வரவும் விடமாட்டார்கள்.

மனிதர்கள் எப்படிச் சேர்ந்து வாழ்கிறார்கள் என்பதைப் படிக்கும் துறைக்கு மானிடவியல் என்று பெயர். அந்த மக்கள் இருக்கும் இடத்துக்கே போய்த் தங்கிப் பார்த்து, கேட்டு எழுதுவது களப்பணி. களப்பணி என்றால் அடிப்படையில் இந்தக் கல்யாண வீட்டு விஷயம்தான். யார் உள்ளே விட்டார்கள், யார் மொழிபெயர்த்தார்கள், வீட்டார் எதைக் காட்டச் சம்மதித்தார்கள், இந்த மூன்றும்தான் நோட்டில் என்ன ஏறும் என்பதைத் தீர்மானிக்கின்றன. இதை மனதில் வைத்துக்கொண்டு மத்திய ஆஸ்திரேலியாவுக்குப் போகலாம்.

தந்திக் கம்பி போட்ட பாதை

ஆய்வாளர்கள் யாரும் வழியே இல்லாத மணல்வெளியில் திடீரென்று தோன்றவில்லை. 1872இல் ஆஸ்திரேலியக் கண்டத்தின் தெற்கிலிருந்து வடக்குவரை, டார்வின் வரைக்கும், கிட்டத்தட்ட 3,000 கிலோமீட்டர் நீளத்துக்குத் தந்திக் கம்பி போட்டு முடித்தார்கள். வழி நெடுகத் தந்தி நிலையங்கள் வந்தன. நிலையம் நடக்கத் தண்ணீர் வேண்டும். அந்தத் தண்ணீர் இருந்த இடங்களெல்லாம் ஏற்கெனவே ஒருவருடைய மண். கம்பிக்குப் பின்னால் மாட்டுப் பண்ணைகள் வந்தன, போலீஸ் வந்தது, துப்பாக்கி வந்தது. அப்புறம்தான் ஆய்வாளர் வந்தார்.

சுமை தூக்க ஒட்டகங்கள் வந்ததும் அந்தக் காலத்தில்தான். அவற்றை ஓட்டியவர்களை மொத்தமாக "ஆப்கானியர்" என்றார்கள். உண்மையில் அவர்களில் பலர் பலூசிஸ்தான், பஞ்சாப், சிந்துப் பகுதிகளிலிருந்து போனவர்கள். 1873இல் வில்லியம் காஸ் என்ற அளவையாளர் ஊலுரு பாறையின் உச்சிக்கு ஏறினார் என்று புத்தகங்களில் இருக்கும். அவரோடு சேர்ந்து ஏறிய ஒட்டகக்காரர் காம்ரானின் பெயரைத் தேடித்தான் படிக்க வேண்டும்.

1894இல் சுரங்க முதலாளி வில்லியம் ஹார்ன் பணம் கொடுத்து, மத்திய ஆஸ்திரேலியாவுக்கு ஓர் அறிவியல் குழுவை அனுப்பினார். ஹார்ன் பயணம் என்று அதற்குப் பெயர். செடி, பல்லி, பாறை, மனிதர் எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டிக்கொண்டு வருவதுதான் திட்டம். அதில் உயிரியலாளராகப் போனவர் மெல்பர்ன் பல்கலைக்கழகப் பேராசிரியர் பால்ட்வின் ஸ்பென்சர். ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் தந்தி நிலையத்தில் அவர் சந்தித்த நிலையத் தலைவர் பிரான்சிஸ் கில்லன்.

கில்லனைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். அவர் படித்த பேராசிரியர் அல்ல, தந்திக்காரர். ஆனால் பல வருடங்களாக அரண்டா மக்களோடு பழகியவர். (பழைய நூல்களில் அருண்டா என்றும் இருக்கும். ஆலிஸ் ஸ்பிரிங்ஸைச் சுற்றியுள்ள மண்ணின் மக்கள் இவர்கள்.) 1891இல் டெம்பி டவுன்ஸ் பண்ணையில் பூர்வகுடி ஆண்கள் இருவர் கொல்லப்பட்டபோது, வில்ஷயர் என்ற போலீஸ் அதிகாரியைக் கொலை வழக்கில் விசாரணைக்கு அனுப்பியவர் கில்லன்தான். நீதிமன்றம் வில்ஷயரை விடுதலை செய்துவிட்டது. ஆனாலும் ஒரு வெள்ளைக்காரப் போலீஸ்காரரைக் கூண்டில் ஏற்றிய மனிதர் என்பது அந்த ஊருக்குத் தெரியும். பின்னாளில் அரண்டாப் பெரியவர்கள் கில்லனோடு உட்கார்ந்து பேசியதற்கு இதுவும் ஒரு காரணம் என்றுதான் நான் நினைக்கிறேன்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: ஆய்வாளரை உள்ளே கூட்டி வந்தது தந்திப் பாதையும் அதோடு வந்த அதிகாரமும். வீட்டுக்காரர்கள் வாயைத் திறந்தது ஒரு தந்திக்காரர் மீது இருந்த நம்பிக்கையால்.

எங்வூரா நடந்த கோடை

1896 கடைசியில் கில்லன் மெல்பர்னுக்குச் செய்தி அனுப்பினார். எங்வூரா என்ற பெரிய சடங்குத் தொடர் நடக்கப் போகிறது, ஸ்பென்சர் வந்து பார்க்கலாம். சடங்குகள் தந்தி நிலையத்துக்குப் பக்கத்திலேயே நடந்தன, 1897 தொடக்கம் வரை நீண்டன.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். வறண்ட பூமியில் இத்தனை பேர் மாதக்கணக்கில் ஒரே இடத்தில் கூடியிருந்தால் சாப்பாட்டுக்கு என்ன வழி? வழக்கமாக ஒரு நீர்நிலையைச் சுற்றி உள்ள உணவு தீர்ந்தால் மக்கள் அடுத்த இடத்துக்கு நகர்வார்கள். இப்போது மாடுகள் வந்து புல்லையும் தண்ணீரையும் பிடித்துக்கொண்டன. கில்லன் கோதுமை மாவு, சர்க்கரை, தேயிலை, புகையிலை கொடுத்தார். அதனால் கூட்டம் கலையாமல் இருக்க முடிந்தது. ஆய்வாளருக்குச் சடங்கு வேண்டும், பெரியவர்களுக்கு இளைஞர்களுக்குச் சட்டம் சொல்லிக் கொடுக்க அவகாசம் வேண்டும். இரண்டும் ஓர் இடத்தில் பொருந்தின. "ஆய்வாளர் மறைந்திருந்து பார்த்தார்" என்ற படம் இங்கே செல்லாது. அது பேசி முடித்துக்கொண்ட ஏற்பாடு.

ஸ்பென்சருக்கு அரண்டா மொழி தெரியாது. கில்லனுக்குக் கொஞ்சம் தெரியும். மீதிப் பேச்சு அரைகுறை ஆங்கிலமும் அரண்டாவும் கலந்த கலவை மொழியில் நடந்தது. அந்தச் சடங்குகளில் என்ன நடந்தது என்பதை நான் இங்கே எழுதப் போவதில்லை. அவற்றில் பல, உரியவர்கள் தவிர வேறு யாரும் பார்க்கக் கூடாதவை. அன்று அச்சில் வந்துவிட்டது என்பதற்காக இன்று நாமும் அதை எடுத்துப் பரப்ப வேண்டியதில்லை.

தாத்தாவின் பிரிவில் பேரன்

இந்தப் பயணங்கள் வெளியுலகத்துக்குக் கொண்டுவந்த விஷயங்களிலேயே பெரியது உறவு முறை. இதில் தமிழ் வாசகருக்கு ஒரு வசதி இருக்கிறது. ஆங்கிலேயர் தலையைப் பிய்த்துக்கொண்ட இடத்தில் நாம் சுலபமாக நுழைந்துவிடலாம்.

நம் வீட்டில் அப்பாவின் அண்ணன் தம்பிகள் எல்லோரும் ஒருவகை அப்பாதான்: பெரியப்பா, சித்தப்பா. அவர்கள் பிள்ளைகள் நமக்கு அண்ணன், தங்கை. அவர்களுக்குள் கல்யாணப் பேச்சே கிடையாது. ஆனால் அம்மாவின் அண்ணன் மாமா, அவர் பிள்ளைகள் முறைமாப்பிள்ளை, முறைப்பெண். ஆங்கிலத்தில் இவர்கள் அத்தனை பேருக்கும் ஒரே சொல். நமக்கு இரண்டும் வானத்துக்கும் பூமிக்கும் உள்ள தூரம்.

அரண்டா மக்களும் இப்படித்தான் பிரிக்கிறார்கள். ஆனால் அதற்கு மேல் ஒரு படி போய், ஒவ்வொருவருக்கும் ஒரு பிரிவுப் பெயர் வைத்திருக்கிறார்கள். தெற்கு அரண்டாவில் நான்கு பிரிவுகள்: பனங்கா, பல்தாரா, புருலா, கமாரா. உறவுப் பிரிவு என்பது இதுதான். பிறக்கும்போதே வந்துவிடும் பெயர், நாம் யாருக்கு என்ன முறை என்று சொல்லிவிடும் பெயர்.

இது எப்படி ஓடுகிறது என்று பாருங்கள். பனங்கா ஆண் புருலாப் பெண்ணைக் கட்ட வேண்டும். அவர்கள் பிள்ளைகள் பனங்காவும் அல்ல, புருலாவும் அல்ல, பல்தாரா. அந்தப் பல்தாராப் பையன் வளர்ந்து கமாராப் பெண்ணைக் கட்டுவான். அவன் பிள்ளைகள் மறுபடி பனங்கா. ஆக, தாத்தா பனங்கா, அப்பா பல்தாரா, பேரன் பனங்கா. ஒரு தலைமுறை தாண்டிப் பெயர் திரும்பி வருகிறது.

நம் மொழியில் பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்தது. தாத்தாவின் பெயரைத் தாங்குகிறவன். அரண்டாவில் தாங்குவது தனிப் பெயரை அல்ல, தாத்தாவின் பிரிவை.

அந்தப் பல்தாராப் பையனின் சித்தப்பா பிள்ளைகள் எந்தப் பிரிவு? சித்தப்பாவும் பனங்கா, அவர் மனைவியும் புருலா, எனவே பிள்ளைகள் பல்தாரா. நம் கணக்குப்படியே அண்ணன் தங்கை. தாய்மாமன் பிள்ளைகள்? மாமன் புருலா, அவர் மனைவி பனங்கா, பிள்ளைகள் கமாரா. பல்தாரா கட்ட வேண்டிய பிரிவும் கமாராதான். நமக்கு இது பழகின பாதை மாதிரி இருக்கும்.

ஆனால் இங்கே ஒரு திருப்பம் இருக்கிறது. பிரிவு பொருந்தினாலும், சொந்தத் தாய்மாமன் மகளைக் கட்டுவது அரண்டா வழக்கம் அல்ல. அது ரொம்ப நெருக்கம். ஒரு படி தள்ளி, அம்மாவின் அம்மா வழியில் வரும் தூரத்து முறைப்பெண்தான் சரியான பெண். வடக்கு அரண்டாவும் பக்கத்து மக்களும் நான்கை எட்டாகப் பிரித்து இதைப் பெயரிலேயே காட்டிவிட்டார்கள். எட்டுப் பிரிவுக் கணக்கில் தாய்மாமன் மகளும், கட்ட வேண்டிய பெண்ணும் வேறு வேறு பெயரில் நிற்பார்கள்.

இந்தப் பெயர்களை நீங்கள் ஏற்கெனவே பார்த்திருக்கலாம். ஆஸ்திரேலியப் பாலைவன ஓவியங்கள் உலகப் புகழ் பெற்றவை. ஓவியர் எமிலி காமே உங்வாரே, ஓவியர் கிளிஃபர்ட் பாசம் ஜப்பல்ஜாரி என்றெல்லாம் வரும். கடைசியில் வருவது குடும்பப் பெயர் அல்ல, உறவுப் பிரிவு. அரண்டாவின் பல்தாரா, மேற்கே உள்ள மொழிகளில் ஆணுக்கு ஜப்பல்ஜாரி. மொழி மாறினாலும் இடம் மாறாது. நூறு மைல் தள்ளி முன்பின் தெரியாத ஓர் ஊருக்குப் போனாலும், பிரிவைச் சொன்ன உடனே யாரை அப்பா முறை வைத்துக் கூப்பிட வேண்டும், யாரிடம் ஒதுங்கி நடக்க வேண்டும் என்று தெரிந்துவிடும். ஸ்பென்சரையும் கில்லனையும் அரண்டா மக்கள் உள்ளே ஏற்றதும் இந்த அமைப்பில் ஓர் இடம் கொடுத்துத்தான். முறை இல்லாத மனிதரோடு எப்படிப் பேசுவது?

சரி, லெமூரியா? ஒற்றுமை உண்மை. மானிடவியலில் இந்தப் பங்காளி, மாமன் மச்சான் பிரிப்புக்குத் "திராவிட முறை" என்றே பெயர். 1871இலேயே லூயிஸ் ஹென்றி மார்கன் என்ற அமெரிக்கர், தமிழர் உறவுச் சொற்களையும் வட அமெரிக்காவின் செனக்கா மக்களுடையதையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார். இதே பிரிப்பு பிஜித் தீவிலும் இருக்கிறது, அமேசான் காட்டிலும் இருக்கிறது. சிறு சமூகங்கள் தலைமுறை தலைமுறையாகத் தங்களுக்குள் பெண் கொடுத்துப் பெண் எடுக்கும்போது இந்த வடிவம் பல இடங்களில் தானாக உருவாகிறது. அதை வைத்து ரத்த சம்பந்தம் பேச முடியாது. லெமூரியா என்ற பெயரோ, லெமூர் என்ற விலங்கின் பரவலை விளக்க, மூழ்கிப்போன ஒரு நிலப்பரப்பு இருந்திருக்கலாம் என்று விலங்கியலாளர் பிலிப் ஸ்கிளேட்டர் 1864இல் கொடுத்த ஊகப் பெயர். கண்டங்கள் நகர்கின்றன என்று தெரிந்த பிறகு அந்த ஊகம் தேவையற்றுப் போனது. அரண்டா மக்களை நம் முன்னோராக்கினால்தான் அவர்கள் மீது மதிப்பு வரும் என்றால், அது அவர்களுக்குத் தரும் மதிப்பு அல்ல.

இந்தப் பகுதியில் நினைவில் வைக்க ஒன்றே ஒன்று: உறவுப் பிரிவு என்பது, தெரியாத ஆளையும் ஓர் இடத்தில் நிறுத்தி, அவரோடு எப்படி நடந்துகொள்வது என்று சொல்லும் அமைப்பு.

"கனவுக்காலம்" என்ற தவறான பெயர்ப்பலகை

பூர்வகுடிகள் என்றதும் வரும் அடுத்த சொல் கனவுக்காலம். அது இந்தப் பயணத்தின் நோட்டிலிருந்து கிளம்பியதுதான். அரண்டாவில் அல்தியெர்ரா என்ற சொல் இருக்கிறது. மூதாதைகள் நிலத்தின் மேல் நடந்து மலையையும் ஓடையையும் சட்டத்தையும் உண்டாக்கிய அந்த நிகழ்வைக் குறிக்கும். கனவு காண்பதைச் சொல்லவும் இந்தச் சொல் வரும். கில்லன் அதைப் பிடித்துக்கொண்டு "கனவுக் காலங்கள்" என்று மொழிபெயர்த்தார். 1896இல் வந்த ஹார்ன் பயண அறிக்கையில் அது அச்சானது. அப்புறம் அதைத் தடுக்க முடியவில்லை.

அதே காலத்தில் ஹெர்மான்ஸ்பர்க் மிஷனில் இருந்த ஜெர்மன் பாதிரியார் கார்ல் ஸ்டிரேலோ, அரண்டா மொழியை நன்றாகக் கற்றவர். அவருக்கு இந்த மொழிபெயர்ப்பு பிடிக்கவில்லை. என்றென்றும் இருப்பது, படைக்கப்படாதது என்ற பொருள்தான் அவருக்கு அதில் கேட்டது. மிஷன்காரர்களோ அந்தச் சொல்லையே கிறிஸ்தவக் கடவுளுக்குப் பெயராக வைத்திருந்தார்கள். ஒரே சொல். தந்திக்காரருக்குக் கனவு, பாதிரியாருக்கு நித்தியம். ஸ்பென்சரும் ஸ்டிரேலோவும் இதில் கடைசிவரை ஒத்துப்போகவே இல்லை.

"கனவுக்காலம்" என்பதில் கனவு என்ற சொல் அதைப் பொய்யாக்குகிறது, காலம் என்ற சொல் அதைப் பழசாக்குகிறது. இரண்டுமே சரியில்லை. நமக்குப் பழக்கமான ஒன்றை வைத்துச் சொன்னால், தலபுராணத்தை நினைத்துக்கொள்ளுங்கள். இந்தக் குளம் ஏன் இங்கே இருக்கிறது, இந்தப் பாறை ஏன் இப்படிச் சாய்ந்திருக்கிறது என்று அந்த ஊர்க்காரர் கதை சொல்வார். கதை என்றோ நடந்தது, ஆனால் குளம் இன்றும் இருக்கிறது, இன்றும் அதில் குளித்தால் பலன் உண்டு.

ஒப்பீடு இதோடு நிற்கட்டும். அரண்டா நாட்டில் தலபுராணம் ஒரு கோயிலோடு முடிவதில்லை, நிலம் முழுக்கத் தொடர்கிறது. ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் அமைந்துள்ள ம்பாண்ட்வாவின் மலைத்தொடரே அவர்களுக்குக் கம்பளிப்பூச்சி மூதாதைகளின் உடல். எமிலி பள்ளத்தாக்கின் பாறைச் சுவரில் அந்தப் பூச்சிகளின் ஓவியம் நீள நீளக் கோடுகளாக இன்றும் இருக்கிறது. 1953இல் ஸ்டானர் என்ற மானிடவியலாளர் இந்தச் சிக்கலைத் தீர்க்க, "எப்போதும்" என்ற பொருளில் வேறொரு ஆங்கிலச் சொல்லை எடுத்துப் பயன்படுத்தினார்.

இதோடு ஒட்டிய இன்னொரு சொல் குலக்குறி. ஒரு மனிதருக்கும் ஓர் உயிரினத்துக்கும் ஓர் இடத்துக்கும் இருக்கும் பிறவித் தொடர்பு அது. கர்ப்பிணிக்கு வயிற்றில் பிள்ளையின் முதல் அசைவு எந்த இடத்தில் தெரிகிறதோ, அந்த இடத்து மூதாதையின் குறிதான் பிள்ளைக்கு வரும் என்று அரண்டாப் பெரியவர்கள் சொன்னார்கள். அதனால் அண்ணனுக்கு ஈமு, தம்பிக்குக் கங்காரு என்று இருக்கலாம். குறியைக் கொடுப்பது அப்பனும் இல்லை, ஆத்தாளும் இல்லை. மண் கொடுக்கிறது.

லண்டனில் என்ன ஆயிற்று

ஸ்பென்சர், கில்லன் இருவரின் முதல் நூல் 1899இல் வந்தது. இங்கிலாந்தில் ஜேம்ஸ் ஃபிரேசர் என்ற மானிடவியலாளர் அதைத் தூக்கிக் கொண்டாடினார். அவர் ஆஸ்திரேலியாவில் கால் வைத்ததே இல்லை. மனிதகுலம் ஒரே ஏணியில் ஏறி வந்தது, கீழ்ப்படியில் ஆஸ்திரேலியர், மேல்படியில் ஐரோப்பியர் என்பது அவர் காலத்து நம்பிக்கை. அரண்டா மக்களின் குலக்குறி வழக்கத்தைப் பார்த்ததும், மனித மதத்தின் ஆதி வடிவமே கிடைத்துவிட்டது என்று எழுதினார். பிறகு பாரிஸில் சமூகவியலாளர் துர்க்கைம் 1912இலும், வியன்னாவில் உளப்பகுப்பாய்வாளர் ஃபிராய்டு அடுத்த வருடமும் இதே தகவல்களை வைத்துத் தங்கள் கோட்பாடுகளைக் கட்டினார்கள். அவர்களும் அங்கே போனதில்லை.

"கற்கால மனிதர்" என்ற பேச்சின் வேர் இங்கேதான் இருக்கிறது. இதில் ஓர் எளிய தவறு உள்ளது. காலம் எல்லோருக்கும் ஒரே வேகத்தில்தான் ஓடுகிறது. 1896இல் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் உட்கார்ந்திருந்த பெரியவருக்குப் பின்னால், லண்டன் பேராசிரியருக்கு இருந்த அதே நீள வரலாறு இருந்தது. அந்த நீண்ட காலத்தில் அவர் முன்னோர் இரும்பு செய்யவில்லை. எட்டுப் பிரிவுக் கணக்கைச் செய்தார்கள்.

படத்தில் இருந்தும் பெயர் இல்லாதவர்கள்

1901இல் இரண்டாவது பெரிய பயணம். மெல்பர்ன் பத்திரிகை முதலாளி டேவிட் சைம் 1,000 பவுண்டு கொடுத்தார். ரயில் பாதை முடிந்த ஊட்னடாட்டாவிலிருந்து கிளம்பி, கண்டத்தைக் குறுக்கே கடந்து, கார்ப்பென்டேரியா வளைகுடாப் பக்கம் போரலூலா வரை போனார்கள். ஒரு சினிமாக் கருவியும், மெழுகு உருளையில் ஒலி பதியும் ஃபோனோகிராஃபும் கூடவே போயின. பாலைவன வெயிலில் மெழுகு உருளை! இருந்தும் சில பாட்டுகள் பிழைத்தன. அந்தப் படச்சுருள்களும் குரல்களும் மெல்பர்ன் அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கின்றன.

இந்தப் பயணத்திலிருந்து பிறந்த நூலின் அட்டையில் ஸ்பென்சர், கில்லன் என்ற இரண்டு பெயர்கள்தான் வந்தன. ஆனால் பயணத்தில் எர்லிகில்யிகா, புருண்டா என்ற இரண்டு அரண்டா ஆண்களும் முழுக்க இருந்தார்கள். எர்லிகில்யிகாவுக்கு வெள்ளைக்காரர்கள் வைத்த பெயர் ஜிம் கைட். அவர் குதிரையைப் பார்த்துக்கொண்டார், சமைத்தார், மொழிபெயர்த்தார், புது ஊர்களில் ஆட்களோடு பேச்சைத் தொடங்கி வைத்தார். கூடவே அவர் கலைஞர். பார்த்ததைப் படம் வரைந்தார், மென்கல்லில் உருவம் செதுக்கினார். கல்யாண வீட்டில் மொழிபெயர்க்கும் பையனை நினைத்துப் பாருங்கள். அவன் இல்லையென்றால் நோட்டு காலி. என் பார்வையில் எர்லிகில்யிகாவும் அந்த நூலின் ஆசிரியர்களில் ஒருவர்.

அளவுகோலும் கிரேயானும்

1926இல் அடிலெய்டு பல்கலைக்கழகத்தில் மானிடவியல் ஆய்வுக் குழு ஒன்று அமைந்தது. 1920களிலும் 30களிலும் ஹெர்மான்ஸ்பர்க், காக்கட்டூ கிரீக், மவுண்ட் லீபிக், வார்பர்ட்டன் என்று ஒவ்வோர் இடமாகப் போனார்கள். இவர்களில் பலர் மருத்துவர்கள், பல் மருத்துவர்கள். சில வாரங்களே தங்கினார்கள். தலையை அளந்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், முகத்தில் சாந்து பூசி அச்சு எடுத்தார்கள். இனம் என்பதை எலும்பில் அளந்துவிடலாம் என்ற அந்தக் காலத்து நம்பிக்கை அதன் பின்னால் இருந்தது. கண்ணை மூடி, முகத்தில் ஈரச் சாந்தோடு, யார் என்றே தெரியாத ஆட்கள் முன்னால் அசையாமல் படுத்திருக்கச் சொன்னால் நமக்கு எப்படி இருக்கும்?

அதே குழுவில் நார்மன் டிண்டேல் என்ற அருங்காட்சியகக்காரர் இருந்தார். அவர் பழுப்புத் தாளையும் சில வண்ணக் கிரேயான்களையும் மக்கள் கையில் கொடுத்து, வரைந்து தாருங்கள் என்றார். வட்டங்களும் அவற்றை இணைக்கும் கோடுகளும் வந்தன. வட்டம் நீர்நிலை, கோடு மூதாதை நடந்த பாதை. அளவுகோல் வைத்து எடுத்த எண்கள் இன்று யாருக்கும் பெரிதாகப் பயன்படவில்லை. இந்தத் தாள்கள் பயன்படுகின்றன.

டிண்டேலுக்கு ஒரு பழைய கணக்கும் இருந்தது. 1921-22இல் வடக்கே குரூட் ஐலண்டில் வேலை செய்தபோது, மாரோடுனெய் என்ற ங்காண்டி மக்களைச் சேர்ந்தவர், ஒவ்வொரு மக்களுக்கும் எல்லை உண்டு, அதைத் தாண்ட முறை உண்டு என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்தார். டிண்டேல் எல்லைகளோடு வரைபடம் போட்டுக் கொண்டுபோனார். நாடோடிகளுக்கு ஏது எல்லை என்று அருங்காட்சியகத்தில் அவர் மேலதிகாரி அதை அச்சிட விடவில்லை. டிண்டேல் விடவில்லை. 1940இல் ஆஸ்திரேலியா முழுமைக்கும் எல்லைகள் போட்ட வரைபடத்தை வெளியிட்டார், 1974இல் திருத்தி மறுபடி வெளியிட்டார். அதிலும் குறை உண்டு. மேற்குப் பாலைவனத்தில் வேலி மாதிரி கோடு போட முடியாது, அங்கே உரிமை நீர்நிலைகளோடும் பாதைகளோடும் ஓடுகிறது. ஆனால் காலி நிலம் என்று அரசாங்கம் சொல்லிக்கொண்டிருந்த இடமெங்கும் பெயர்கள் இருந்தன என்பதை ஒரே தாளில் காட்டியது அந்த வரைபடம்.

எவ்வளவு பெயர்கள் என்று தெரிய ஒரே ஒரு காட்சி போதும். 1957இல் டொனால்ட் தாம்சன் என்ற மானிடவியலாளர், மேற்குப் பாலைவனத்தின் மக்கே ஏரிப் பக்கம் பிண்டுபி மக்களோடு இருந்துவிட்டுக் கிளம்பினார். கிளம்பும் முன் பெரியவர்கள் உட்கார்ந்து, ஒவ்வொரு கிணறாக, பாறைக் குழியாக, களிமண் குட்டையாகப் பெயர் சொல்லத் தொடங்கினார்கள். ஐம்பதுக்கும் மேல் போயிற்று. வெளியார் வறண்ட சூனியம் என்று எழுதிவைத்த இடம் அது. பிறகு ஓர் ஈட்டி எறி கருவியை அவர் கையில் கொடுத்தார்கள். அதன் பின்பக்கத்தில் அந்த நீர்நிலைகளின் வரைபடம் செதுக்கியிருந்தது.

சுருக்கமாக: அளந்து எடுத்தவை காலாவதியாகிவிட்டன. மக்கள் தாங்களாகச் சொல்லியும் வரைந்தும் கொடுத்தவை நிற்கின்றன.

எடுத்ததும் திரும்பியதும்

கொள்ளை நடந்ததா என்று கேட்டால், நடந்தது. 1894 பயணத்தில் புனிதப் பொருட்கள் வைத்திருந்த குகையிலிருந்து பொருட்களை எடுத்தார்கள். அவை பெட்டியில் வைக்கும் கலைப்பொருட்கள் அல்ல, மூதாதைகளின் இருப்பே அவற்றில் இருக்கிறது. அதன் பாரம் புரிந்த பிறகு கில்லனே, இனி அந்த வேலை கூடாது என்று ஸ்பென்சருக்குக் கடிதம் எழுதினார்.

ஸ்பென்சரின் வாழ்க்கையில் இதைவிடக் கசப்பான ஒரு பகுதி இருக்கிறது. 1912இல் வடக்குப் பிரதேசத்தில் பூர்வகுடிகளின் தலைமைப் பாதுகாவலராக அரசு அவரை அனுப்பியது. கலப்புப் பெற்றோருக்குப் பிறந்த குழந்தைகளைத் தாய்மாரின் முகாம்களிலிருந்து பிரித்து வைக்க வேண்டும் என்று அவர் பரிந்துரைத்தார். உறவு முறையின் நுணுக்கத்தைப் பக்கம் பக்கமாக எழுதிய அதே கை. அப்படிப் பிரிக்கப்பட்ட குழந்தைகளை வைக்கும் இல்லம் 1932இல் ஆலிஸ் ஸ்பிரிங்ஸின் பழைய தந்தி நிலையத்துக்கே இடம் மாறியது. எங்வூரா நடந்த அதே இடம். இந்த வரிகளை எழுதும்போது எனக்குக் கொஞ்ச நேரம் கை ஓடவில்லை.

அப்படியானால் எல்லாவற்றையும் கொளுத்திவிடலாமா? அதற்குப் பதில் சொல்லும் உரிமை அந்தக் குடும்பங்களுக்குத்தான் இருக்கிறது. அவர்களில் பலர் கேட்பது, எங்களுடையதை எங்களிடம் கொடுங்கள் என்பதுதான். 1992இல் மாபோ வழக்கில், குடியேறிகள் வருமுன்பே இந்த நிலத்தில் பூர்வகுடிகளுக்கு உரிமை இருந்தது என்று ஆஸ்திரேலியாவின் உயர் நீதிமன்றம் (அங்கே அதுதான் நாட்டின் உச்ச நீதிமன்றம்) ஏற்றது. அடுத்த வருடம் சட்டம் வந்தது. வழக்காடப் போனவர்கள், தங்கள் தாத்தா பாட்டி இந்த மண்ணில்தான் இருந்தார்கள் என்று காட்ட டிண்டேலின் வம்சாவளித் தாள்களையும் வரைபடங்களையும் தேடினார்கள். பிரிக்கப்பட்ட குழந்தைகளின் பிள்ளைகள் அதே தாள்களில் தங்கள் அம்மாவின் அம்மா பெயரைத் தேடுகிறார்கள். புனிதப் பொருட்கள் சில உரியவர்களிடம் திரும்பிவிட்டன. சில அருங்காட்சியகங்களில் பூட்டிய அறையில், உரிய பெரியவர்கள் மட்டும் போய்ப் பார்க்கும்படி இருக்கின்றன.

அடிலெய்டு குழுவின் பயணங்களில் எடுத்த முடிக் கற்றைகளும் அடிலெய்டில் பத்திரமாக இருந்தன. அவற்றில் 111 மாதிரிகளை வைத்து நடந்த மரபணு ஆய்வு 2017இல் வெளிவந்தது. ஏறத்தாழ 50,000 வருடங்களாக அந்தந்த மக்கள் அந்தந்தப் பகுதியிலேயே தொடர்ந்து இருந்திருக்கிறார்கள் என்று அது காட்டியது. இது இன்ன மக்களின் மண் என்ற பேச்சுக்கு அவ்வளவு நீளமான பின்னணி இருக்கிறது. ஆனால் முடி கையில் இருந்தும் ஆய்வாளர்கள் உடனே வேலையைத் தொடங்கவில்லை. கூனிபா, பாயின்ட் பியர்ஸ், செர்பர்க் ஆகிய ஊர்களுக்குப் போனார்கள். குடும்பங்களைத் தேடி, எதற்காக வந்திருக்கிறோம் என்று சொல்லி, சம்மதம் கேட்டார்கள். முடி கொடுத்தவர் உயிரோடு இருந்தால் அவரிடமே கேட்டார்கள். இல்லையென்றால் பிள்ளைகளிடம், பேரப் பிள்ளைகளிடம்.